பச்சை மர மலைப்பாம்பா, மரகத போவாவா?

வணக்கம். இந்த முறை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில். கேள்வி சின்னது, பதில் கொஞ்சம் நீளும்.

ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, நான்கு வருடமாக ஒரு கார்ன் ஸ்நேக் வளர்க்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறது, ஒரு தொந்தரவும் இல்லை. அடுத்து மரத்தில் வாழும் பாம்பு ஒன்று வளர்க்க ஆசை. கிரீன் ட்ரீ பைத்தான், எமரால்டு ட்ரீ போவா, இரண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகின்றன. எதை வாங்கலாம்? எது கடிக்காது? இரண்டையும் ஒரே கூண்டில் விடலாமா?"

கார்ன் ஸ்நேக் என்பது புதிதாக வளர்ப்பவர்கள் பலர் தொடங்கும், சுலபமான, விஷமில்லாத பாம்பு. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விடக்கூடாது. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன். எது கடிக்காது என்பதற்கும் பதில் சுலபம், இரண்டும் கடிக்கும். எதை வாங்கலாம் என்பதுதான் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழில் பச்சைப்பாம்பு என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது கொடி மாதிரி மெலிந்து, மூக்கு கூராக இருக்கும் கண்கொத்திப் பாம்புதான். நாம் பேசப்போவது அதைப் பற்றி இல்லை. இவை இரண்டும் விஷமில்லாதவை, இரையைச் சுற்றி நெரித்துக் கொல்பவை, உடம்பு தடிமனானவை. ஒன்று பச்சை மர மலைப்பாம்பு. நியூ கினியிலும், அதைச் சுற்றியுள்ள தீவுகளிலும், ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் கேப் யார்க் தீபகற்பத்திலும் வாழ்வது. இன்னொன்று மரகத மர போவா. அது தென் அமெரிக்காவின் மழைக்காட்டுப் பாம்பு. இனி சுருக்கமாகப் பைத்தான், போவா என்றே சொல்கிறேன்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால் நெருங்கிய உறவு இல்லை. பைத்தான் குடும்பமும் போவா குடும்பமும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டவை. நடுவில் ஒரு பெருங்கடல் இருக்கிறது. இருந்தும் இரண்டும் பச்சை நிறம், இரண்டும் கிளையின்மேல் உடம்பை வளையம் வளையமாக மடித்துப் போட்டு, நடுவில் தலையை வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் அசையாமல் இருக்கும். இரவானால் தலையைக் கீழே தொங்கவிட்டு இரைக்குக் காத்திருக்கும். இலைகளுக்கு நடுவே ஒளிந்திருந்து வேட்டையாடுவது என்ற ஒரே வேலையைச் செய்ததால் உடம்பும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. உயிரியல் பாடப் புத்தகங்களில் குவிப் பரிணாமம் என்று வரும் இடத்தில் இந்த ஜோடியை அடிக்கடி பார்க்கலாம்.

வித்தியாசம் கண்டுபிடிக்க உதட்டைப் பாருங்கள். இரண்டுக்குமே வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. போவாவுக்கு அவை ஒரு செதிலுக்கும் அடுத்த செதிலுக்கும் இடையில், மேலுதடு கீழுதடு இரண்டிலும் வரிசையாக, ஆழமாகத் தெரியும். பைத்தானுக்குக் குழி செதிலுக்குள்ளேயே இருக்கும், எண்ணிக்கையும் குறைவு, சட்டென்று கண்ணில் படாது. முதுகைப் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். போவாவுக்கு முதுகில் வெள்ளைப் பட்டைகள் மின்னல் கீற்று மாதிரி ஓடும். பைத்தானுக்கு அங்கங்கே தெளித்த மாதிரி வெள்ளை, மஞ்சள், சில சமயம் நீலச் செதில்கள் இருக்கும். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், போவா என்று சொல்லி எனக்கு ஒருவர் விற்பனைக்கு அனுப்பிய படத்தில் இருந்தது பைத்தான். ஏமாற்றப் பார்த்தாரா, அவருக்கே தெரியவில்லையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இரண்டுமே மோசம்தான்.

இந்த இரண்டு பெயருக்குள்ளும் இன்னும் பிரிவு இருக்கிறது, அதுவும் வாங்குபவருக்கு முக்கியம். போவாவை நீண்ட காலம் ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள். 2009இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். கயானா, சுரினாம், பிரெஞ்சு கயானா பக்கம், அதாவது வடகிழக்கில் இருப்பது கோராலஸ் கேனினஸ். அமேசான் படுகையில் இருப்பது கோராலஸ் பேட்சியை. பேட்சியைக்கு முதுகின் நடுவில் வெள்ளைக்கோடு பெரும்பாலும் அறுபடாமல் ஓடும், உடம்பும் பெரிது, சுபாவமும் கொஞ்சம் சாந்தம் என்பது வளர்ப்பவர்களின் அனுபவம். சந்தையில் அதிகம் கிடைப்பதோ வடகிழக்குப் போவாதான். பைத்தானையும் 2020இல் பிரித்தார்கள். நியூ கினியின் நடுவில் கிழக்கு மேற்காக ஓடும் மலைத்தொடருக்குத் தெற்கே இருப்பதற்கு மொரேலியா விரிடிஸ் என்ற பழைய பெயரே நிற்கிறது, வடக்கே இருப்பது மொரேலியா அசூரியா. பழைய ஆட்கள் பைத்தானை இன்னும் காண்ட்ரோ என்றுதான் சொல்வார்கள். 1990கள் வரை அதன் பேரினப் பெயர் காண்ட்ரோபைத்தான் என்று இருந்தது. பெயர் போய்விட்டது, செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம். முதல் படி சட்டம். இரண்டு பாம்புகளும் சைட்டிஸ், அதாவது காட்டுயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அப்படியென்றால் நாடு விட்டு நாடு போகும்போது ஏற்றுமதி அனுமதிக் காகிதம் வேண்டும். அதற்குமேல் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம் உண்டு. சில இடங்களில் உரிமம் வாங்கி வளர்க்கலாம், சில இடங்களில் தனியார் வளர்க்கவே முடியாது. நீங்கள் இருக்கும் இடத்தில் முடியாது என்றால் பேச்சு அதோடு முடிந்தது. ஒரு மிருகக்காட்சிசாலையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அதிலும் ஒரு குறையும் இல்லை.

வளர்க்கலாம் என்றால் அடுத்த கேள்வி, அந்தப் பாம்பு எங்கே பிறந்தது? இதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

2011இல் இந்தோனேசியாவில் பச்சை மலைப்பாம்பு வியாபாரத்தைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. பண்ணையில் பிறந்தது என்ற காகிதத்தோடு ஏற்றுமதியாகும் பாம்புகளில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் பிடிக்கப்பட்டவை என்று அது சொன்னது. காகிதம் பண்ணை, பாம்பு காடு. ஆஸ்திரேலியா தன் நாட்டுப் பாம்புகளை வணிகத்துக்கு வெளியே அனுப்புவதே இல்லை, ஆக உலகச் சந்தைக்குப் புதிதாக வரும் பைத்தான் பெரும்பாலும் நியூ கினிப் பக்கத்திலிருந்துதான். போவாவுக்கு இந்த அளவு நாடகம் இல்லை, அது சுரினாம், கயானாவிலிருந்து காட்டில் பிடித்தது என்ற பெயரிலேயே வெளிப்படையாக ஏற்றுமதியாகிறது.

இதில் தர்மநியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். வளர்ப்பவருக்கு இது நேரடியான தலைவலி. காட்டில் பிடித்த பாம்பு வயிற்றில் புழுவோடு வரும், தோலில் உண்ணியோடு வரும். பிடித்த நாளிலிருந்து உங்கள் கைக்கு வரும்வரை சரியாகத் தண்ணீர் குடித்திருக்காது. மூன்று நான்கு பெட்டி மாறியிருக்கும். வந்த முதல் மாதம் அமைதியாக இருக்கும், அதைப் பார்த்துவிட்டு நல்ல சுபாவம் என்று நினைப்பீர்கள். அது சுபாவம் இல்லை, சோர்வு.

அதனால் விற்பவரிடம் கேளுங்கள். தாய் தந்தை படம் இருக்கிறதா? பொரித்த தேதி என்ன? இதுவரை எத்தனை இரை எடுத்திருக்கிறது, எந்தெந்தத் தேதியில்? நிஜமாக இனப்பெருக்கம் செய்கிறவர் இதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருப்பார். கேட்டால் சந்தோஷப்படுவார். கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள்.

குட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் மயங்குவது அங்கேதான். பைத்தான் முட்டையிடும். தாய் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, தசைகளைத் துடிக்கவிட்டு உடம்பைச் சூடாக்கி அடைகாக்கும். சுமார் 50 நாளில் பொரியும். போவா குட்டி போடும், அதற்கு ஆறு ஏழு மாதம் சுமக்கும். அதாவது ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னேனே, அந்தத் தாய்களே இரண்டு வழியில் போகிறார்கள். ஆனால் குட்டி விஷயத்தில் மறுபடி ஒற்றுமை. இரண்டின் குட்டிகளும் பச்சையாகப் பிறப்பது அபூர்வம். பைத்தான் குட்டி எலுமிச்சை மஞ்சளாகவோ செங்கல் சிவப்பாகவோ இருக்கும், ஒரே ஈட்டில் இரண்டு நிறமும் வரலாம். போவாக் குட்டி பெரும்பாலும் ஆரஞ்சு, செங்கல் நிறம். பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பச்சையாகும்.

ஏன் மஞ்சள்? கேப் யார்க்கில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே மஞ்சள் குட்டிகள் காட்டின் ஓரங்களிலும் வெளிச்சம் விழும் திறந்த இடங்களிலும் தரைக்குப் பக்கத்தில் இருக்கின்றன, பகலில் பல்லி, பூச்சி பிடிக்கின்றன. வளர்ந்த பிறகுதான் உயரத்துக்குப் போகின்றன, இரவில் எலி, பறவை பிடிக்கின்றன. இடம் மாறும்போது சட்டையும் மாறுகிறது. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம், விட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். உங்களுக்கு வேண்டிய பகுதி இதுதான்: மஞ்சள் பாம்பு வேண்டும் என்று மஞ்சள் குட்டியை வாங்காதீர்கள், அது மஞ்சளாகவே நிற்காது. நியூ கினிக்கு வடக்கே இருக்கும் பியாக் தீவின் பைத்தான்களில் சில வருடக்கணக்கில் மஞ்சளைக் கொஞ்சம் வைத்துக்கொண்டிருக்கும், அதோடு முன்கோபத்துக்கும் அவை பேர் போனவை. வளர்ந்த பின் என்ன நிறம் வரும் என்று விற்பவர் சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று, முட்டையிலிருந்து வந்து சில வாரமே ஆன பைத்தான் குட்டியை வாங்கவே வாங்காதீர்கள். ஒரு பென்சில் கனம்தான் இருக்கும். முதல் இரையை எடுக்க வைப்பதே ஒரு வித்தை. எலிக்குஞ்சை இடுக்கியால் பிடித்து, பாம்புக்குட்டியின் உடம்பில் மெல்லத் தட்டித் தட்டிக் கோபப்படுத்தி, கோபத்தில் கடித்ததும் நாம் சிலை மாதிரி நிற்க வேண்டும். மூச்சு விட்டால்கூடத் துப்பிவிடும். அதை இனப்பெருக்கம் செய்தவரே செய்யட்டும். ஒரு வயது தாண்டிய, தானாகவே இரை எடுக்கிற பாம்பாகப் பார்த்து வாங்குங்கள். கூடுதலாகப் பணம் போனாலும் பரவாயில்லை. வாலும் ஒரு காரணம். சின்னக் குட்டி வாலால் கம்பைச் சுற்றிப் பிடித்திருக்கும்போது தூக்க முயன்று இழுத்தால் முதுகெலும்பு அடிபட்டு வால் கோணிவிடும். அந்தக் கோணல் சரியாகாது. ஆணா பெண்ணா என்று அந்த வயதில் சோதிப்பதும் அதே காரணத்தால் ஆபத்து.

இப்போது இரை. என்னைக் கேட்டால் இரண்டு பாம்புக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. நிறம், பல், முட்டை, குட்டி எல்லாம் அப்புறம்.

கார்ன் ஸ்நேக் வளர்த்தவருக்கு ஒரு பழக்கம் வந்திருக்கும். வாரம் ஒரு எலி, இரண்டு மூன்று நாளில் கழிவு, சுத்தம் செய்தால் முடிந்தது. வளர்ந்த பைத்தானுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும். உடம்பின் தடிமனைத் தாண்டாத எலி. ஆண் பாம்பு இனச்சேர்க்கைக் காலத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், பயப்பட வேண்டாம். இதை மீறிக் கொழுக்க வைத்தால் வேறு பிரச்சினை வரும். பைத்தானுக்கு மலவாய் வெளியே தள்ளிக்கொள்ளும் தொல்லை மற்ற பாம்புகளைவிட அதிகம். பெரிய இரை, குறைவான தண்ணீர், நகராமல் ஒரே இடத்தில் கிடப்பது, மூன்றும் சேர்ந்தால் அது வரும்.

போவா இன்னொரு உலகம். அதன் செரிமானம் அவ்வளவு மெதுவானது. வளர்ந்த போவாவுக்கு மாதம் ஒரு தடவை, சில சமயம் அதற்கும் மேல் இடைவெளி விடலாம். குட்டிக்கே இரண்டு மூன்று வாரம். நடுவில் அது கிளையில் தலையைத் தொங்கவிட்டு, உயிர் போகும் பசியில் இருக்கிற மாதிரி உங்களைப் பார்க்கும். அது எல்லா இரவும் அப்படித்தான் பார்க்கும். அதன் வேலையே அது. நாம் மனம் இளகி ஒரு எலி கொடுத்தோம் என்றால் கதை மாறிவிடும்.

நான் இளகினேன். என் முதல் போவா வந்து இரண்டு மாதம் இருக்கும். பன்னிரண்டு நாள் இடைவெளியில் இரண்டாவது எலியைக் கொடுத்தேன், அதுவும் கொஞ்சம் பெரிய எலி. ஆசையாக வாங்கியது. ஆறாம் நாள் காலையில் பெட்டியைத் திறந்தால் நாற்றம் ஆளைத் தூக்கியது. பாதி செரித்த எலியைக் கக்கியிருந்தது. நான் அப்போது செய்த இரண்டாவது தப்பு, வயிறு காலியாகிவிட்டதே என்று பத்து நாளில் மறுபடி இரை கொடுத்தது. அதையும் கக்கியது. கக்கும்போது வயிற்று அமிலம் வெளியே போகிறது, உணவுக்குழாய் புண்ணாகிறது, உடம்பில் தண்ணீர் குறைகிறது. அடுத்த தடவை கக்குவது இன்னும் சுலபமாகிவிடுகிறது. இதை ஒரு சுழல் என்றே சொல்லலாம். போவா வளர்ப்பவர்கள் இரவில் தூக்கம் கெடுவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். பல போவாக்கள் இதில் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

என்னுடையது பிழைத்தது. ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் கழிவைச் சோதித்துவிட்டு, முதலில் சொன்னது, ஒரு மாதத்துக்கு இரையைப் பற்றி நினைக்கவே நினைக்காதே என்று. தண்ணீர் மட்டும். அப்புறம் மிகச் சின்ன எலிக்குஞ்சு ஒன்று. மூன்று வாரம் கழித்து இன்னொன்று. பழைய அளவுக்கு வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் நான் அதைக் கண்கொத்திப் பாம்பு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பார்ப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை.

ஆக, தம்பி, உங்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி இதுதான். ஒரு உயிர் பசியோடு இருப்பது போலத் தெரியும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க உங்களால் முடியுமா? வீட்டில் இருப்பவர்கள், பாவம் அது, ஏதாவது கொடு என்று சொல்லும்போதும்? முடியும் என்றால் போவாவைப் பற்றி யோசிக்கலாம். சந்தேகம் இருந்தால் பைத்தான். பைத்தான் நம் சில தப்புகளைப் பொறுத்துக்கொள்ளும். போவா தப்பை எழுதிவைத்துக்கொண்டு பிறகு கணக்குத் தீர்க்கும்.

கழிவு விஷயமும் அப்படியே. என் போவா இரண்டு மாதத்துக்கு மேல் போகாமல் இருந்திருக்கிறது. முதல் தடவை பயந்து போனேன். அப்போது செய்ய வேண்டியது, அடுத்த இரையைத் தள்ளிப்போட்டு, இரவில் நன்றாகத் தண்ணீர் தெளித்து அதைக் கொஞ்சம் நகர வைப்பதுதான். மழை பெய்தால் இவை அசையும். அசைந்தால் பெரும்பாலும் போய்விடும்.

பறவை தான் இவற்றின் உணவு, அதனால் கோழிக்குஞ்சு கொடுக்கலாமா என்று வேறு சிலர் கேட்டிருந்தார்கள். போவாவின் நீளப் பல்லைப் பார்த்து, இறகைத் தாண்டிக் குத்தத்தான் இப்படி என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் காட்டில் பிடித்த போவாக்களின் வயிற்றைப் பார்த்தால் பெரும்பாலும் எலி மாதிரியான பாலூட்டிகள்தான். உறைய வைத்து, இளக்கி, வெதுவெதுப்பாக்கிய எலி இரண்டுக்கும் போதும். உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விடாதீர்கள், பாம்புக்குப் பசி இல்லையென்றால் எலி பாம்பைக் கடிக்கும்.

கூண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மரப்பாம்பு என்றதும் உயரமான பெட்டி வாங்கிவிடுகிறார்கள். உயரத்தைவிட நீளம் முக்கியம். வளர்ந்த பைத்தானுக்கு 90 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம் போதும். போவா சற்றுப் பெரிது, இரண்டு மீட்டரையும் எட்டலாம், அதற்கு 120 நீளம் வைத்துக்கொள்ளுங்கள். கம்புகள் படுக்கைவாட்டில், பாம்பின் தடிமன் அளவுக்கு, குறைந்தது மூன்று, வெவ்வேறு உயரத்தில். சாய்வான கம்பில் இவை நிம்மதியாக உட்காராது. வெப்பம் மேலிருந்து, தெர்மோஸ்டாட் என்ற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக. பைத்தானுக்குச் சூடான கம்பில் 30 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25. போவாவுக்கு 28, 29ஐத் தாண்ட வேண்டாம், இரவில் 23 வரை இறங்கலாம்.

ஈரப்பதத்தில்தான் ஆர்வக்கோளாறு அதிகம். மழைக்காட்டுப் பாம்பு என்று நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்து, பெட்டியைச் சுடுதண்ணீர்க் குளியலறை மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். காற்றோட்டம் இல்லாத ஈரம் நுரையீரல் தொற்றையும் தோல் அழுகலையும் கொண்டுவரும். இரவில் தெளியுங்கள், பகலில் காயட்டும். அடுத்த தெளிப்புக்குள் கம்பு காய்ந்திருக்க வேண்டும். சட்டை முழுதாக ஒரே துண்டாகக் கழன்றால் ஈரம் சரி. துண்டு துண்டாக வந்தால் போதவில்லை. தெளிக்கும்போது பாம்பு தன் சுருள்களில் தேங்கிய தண்ணீரை நக்கிக் குடிக்கும், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் எல்லாப் பாம்பும் அப்படிக் குடிக்கும் என்று நம்பிக் கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள்.

கடி. மனிதரைக் கடிக்கும் ஆர்வத்தில் பைத்தான் கொஞ்சம் முந்தும் என்று ஒரு பேச்சு உண்டு. இடத்தைப் பொறுத்து, பாம்பைப் பொறுத்து மாறும். என் பைத்தான் பகலில் பஞ்சு மாதிரி இருக்கும், விளக்கை அணைத்து அரை மணி நேரத்தில் வேறு ஆள். போவா கடிப்பது குறைவாக இருக்கலாம், ஆனால் கடித்தால் கடிதான். விஷமில்லாத பாம்புகளில் உடம்போடு ஒப்பிட்டால் மிக நீளமான முன்பற்கள் அதற்கு. கேனினஸ் என்ற பெயருக்கே நாயைப் போன்றது என்று பொருள், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1758இல் வைத்தது. ஒருமுறை என் பெருவிரலில் பட்டது. விரலை உதறாமல் நிற்பதுதான் அப்போது முக்கியம், உதறினால் நம் தசையும் கிழியும், அதன் பல்லும் உடையும். சொல்வது சுலபம்.

இதற்கெல்லாம் ஒரே வழி, கையில் எடுத்துக் கொஞ்சும் பாம்பு இல்லை என்று முதலிலேயே ஒத்துக்கொள்வது. உங்கள் கார்ன் ஸ்நேக்கைச் சட்டைப்பைக்குள் விட்டு நடந்திருப்பீர்கள். இவற்றைத் தூக்க வேண்டுமென்றால் கம்போடு சேர்த்துக் கழற்றி எடுங்கள். அதனால்தான் கம்பைக் கழற்றுகிற மாதிரிப் பொருத்தச் சொல்வார்கள். பகலில், வயிறு காலியாக இருக்கும்போது, வேலை இருந்தால் மட்டும். இரவில் பெட்டிக்குள் கை விடாதீர்கள். உங்கள் கை சூடாக இருக்கிறது, அதற்கு உதட்டில் குழி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரே கூண்டு ஏன் கூடாது என்று சொல்கிறேன் என்றேன். இரை நேரத்தில் ஒன்றையொன்று பிடிக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நோய். போவாக்களில் ஐ.பி.டி. (இன்க்ளூஷன் பாடி டிசீஸ்) என்றொரு நோய் உண்டு. அதற்கு அரினாவைரஸ் வகை ஒன்று காரணம் என்று 2012இல் கண்டுபிடித்தார்கள். போவா அந்தக் கிருமியை வெளியே தெரியாமல் நீண்ட காலம் சுமக்கும். அதே கிருமி பைத்தானுக்கு வந்தால் நரம்பைத் தாக்கிச் சீக்கிரமே கொன்றுவிடும். இன்னொரு பக்கம் பைத்தான்களில் நைடோவைரஸ். 2014இல் அடையாளம் கண்டது, மூச்சுத் தொற்று கொடுப்பது, பச்சை மர மலைப்பாம்புகளில் நிறையவே காணப்படுகிறது, குணமாக்க மருந்து கிடையாது. ஆகவே ஒரே கூண்டு மட்டுமில்லை, ஒரே அறையே யோசிக்க வேண்டியது. எது வாங்கினாலும் உங்கள் கார்ன் ஸ்நேக்கிலிருந்து தள்ளி, வேறு அறையில், தனி இடுக்கி, தனிக் கிண்ணத்தோடு மூன்று மாதமாவது வையுங்கள். பைத்தான் என்றால் வாயில் பஞ்சு தடவி எடுத்து நைடோ சோதனை செய்த பாம்பாகக் கேளுங்கள். இப்போது நல்ல இனப்பெருக்கக்காரர்கள் பலர் கேட்காமலேயே காட்டுகிறார்கள்.

அப்படியானால் என் பதில். கார்ன் ஸ்நேக்கிலிருந்து நேராக மரத்துக்கு ஏறும் உங்களுக்கு, வளர்ப்பில் பிறந்த, ஒரு வயது தாண்டிய, சோதனை செய்த பைத்தான் ஒன்று. இரண்டு மூன்று வருடம் அதனோடு இருந்த பிறகும் போவா ஆசை போகவில்லை என்றால் அப்போது பாருங்கள், அதுவும் வளர்ப்பில் பிறந்ததாக. போவாதான் அழகு என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். எனக்கும் போவாதான் அழகு. இன்றும் இரவில் விளக்கை அணைப்பதற்கு முன் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான். ஆனால் நான் போவாவை முதலில் வாங்கியவன், அதனால்தான் உங்களை வேண்டாம் என்கிறேன். இரண்டுமே நன்றாகப் பார்த்தால் 15, 20 வருடம் இருக்கும், அவசரம் ஒன்றும் இல்லை.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். பெட்டியை மட்டும் வாங்கி, கம்பு, விளக்கு, தெர்மோஸ்டாட் எல்லாம் பொருத்தி, பாம்பு இல்லாமலேயே ஒரு மாதம் ஓட்டுங்கள். காலையும் இரவும் சூடான கம்பில் எவ்வளவு, கீழ்க்கம்பில் எவ்வளவு, தெளித்த எத்தனை மணி நேரத்தில் காய்கிறது என்று எழுதி வையுங்கள். அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கூடவே ஒரு வேலை, கார்ன் ஸ்நேக்குக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியை வைத்திருந்தால் இன்றைக்கே நகர்த்திவிடுங்கள்.